சாமி, கொஞ்சம் தள்ளி ஒக்காரு

சடக்கைத் தாண்டணும்னா அந்த ஆயா மொதல்ல குந்தி ஒக்காந்துடும். நாங்க ரோட்டைச் சடக்குன்னுதான் சொல்லுவோம், தோட்டத்துப் பேச்சு அது. சேலையை ஒதுக்கிக்கிட்டு ஓரமா ஒக்காந்து, வலது கையை விரிச்சு செம்மண்ணு மேல வைக்கும். காய்ச்சக்காரப் புள்ளை நெத்தியில கை வச்சுப் பாப்பாங்களே, அந்த மாதிரி. கண்ணை மூடிக்கும். பின்னாடி பதினோரு புள்ளைங்க ஒரே கயித்தைப் புடிச்சுக்கிட்டு நிக்கும். ஒண்ணு மூக்கை நோண்டும், ஒண்ணு சிணுங்கும். ஆயா எழுந்திரிக்காது. "சடக்கு பேசுது, இருங்க"ன்னு மட்டும் சொல்லும். கொஞ்ச நேரத்துல சப்பான்காரன் லோரி ஒண்ணு தூசியைக் கெளப்பிக்கிட்டு வளைவுல பறந்து போவும். ஆயா மறுபடி கை வச்சுப் பாக்கும். "இப்ப வாயை மூடிக்கிச்சு. நடங்க."

அது பேரு எனக்குத் தெரியாது. தோட்டத்துக் கணக்கு எழுதற கிராணியோட புஸ்தகத்துல இருந்திருக்கும். எங்களுக்கு ஆயா, அவ்வளவுதான். கித்தா மரத்துல, அதான் ரப்பரு மரம், பால்வெட்டுக்குப் போற பொம்பளைங்க புள்ளைங்களை விட்டுட்டுப் போறதுக்கு ஒரு கொட்டகை இருந்துச்சு, ஆயாக்கொட்டகைன்னு பேரு. அதைப் பாத்துக்கிட்டவங்க. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். ஒல்லி. வெத்தலை போடும், வெத்தலை கெடைக்காத காலத்துல ஏதோ ஒரு எலையைப் போட்டு மென்னுக்கிட்டே இருக்கும்.

இப்ப என் பேரன் சிரம்பான் டவுனுக்கு கார்ல கூட்டிட்டுப் போறான். ரந்தாவ் தாண்டினதும் விடுவான் பாருங்க ஒரு விடு. "மெதுவாடா"ன்னு சொன்னா, "தாத்தா, பயப்படாதீங்கலா. முன்னாடி முருகன் ஒக்காந்திருக்காரு பாருங்க"ன்னு சொல்றான். கண்ணாடிக்கிட்ட சின்னதா ஒரு முருகன் ஒட்டி வச்சிருக்கான். நான் முருகனைப் பாக்க மாட்டேன். வளைவைப் பாப்பேன். பேரனுக்கு நான் சொல்றது என்னான்னு புரியாது. அந்த ஆயா சொன்னது எங்களுக்கு எங்க புரிஞ்சுச்சு.

எங்க தோட்டத்துல நாங்க குடியிருந்த லயத்து வீடுங்க, ஒரே வரிசையாக் கட்டினது, சடக்குக்கு இந்தப் பக்கம். ஆயாக்கொட்டகை அந்தப் பக்கம். வெள்ளைக்காரன் இருந்தப்ப இது ஒரு விஷயமே இல்ல. தொரைக்கு ஒரு காரு, அது வந்தா அரை மைலுக்கு முன்னாடியே பீப்பி ஊதிக்கிட்டு வரும். நாங்க ஓரமா எறங்கி நிப்போம். சப்பான்காரன் வந்தப்புறம் பட்டாள லோரிங்க வர ஆரம்பிச்சுச்சு. அவன் யாருக்கும் பீப்பி ஊத மாட்டான். அதுவும் அந்த எடம் ஒரு பள்ளம். ரெண்டு பக்கமும் மேடு, நடுவுல வளைவு. வளைவு முடிஞ்ச எடத்துலதான் புள்ளைங்க தாண்டணும்.

ஆயா தேங்கா நாருக் கயிறு ஒண்ணுல பதினோரு முடிச்சுப் போட்டு வச்சிருந்துச்சு. ஒரு முடிச்சுக்கு ஒரு புள்ளை. எந்தப் புள்ளைக்கு எந்த முடிச்சுன்னு கணக்கு. நடக்க முடியாத கைப்புள்ளைங்களை அப்புறமா ஒண்ணொண்ணாத் தூக்கிட்டு வரும். மூணாவது முடிச்சு பக்கத்து வீட்டுப் பய, மொட்டைன்னு கூப்பிடுவோம். நாலாவது எம்மவ. மூணு வயசு. அவ முடிச்சை விட்டுட்டு விட்டுட்டு பட்டாம்பூச்சி பாப்பா. "ஏண்டி, கையில என்ன எண்ணெயா தடவியிருக்கே, வழுக்கிக்கிட்டே இருக்கு?"ன்னு ஆயா மண்டையில ஒரு குட்டு வைக்கும். எம்பொஞ்சாதி அதுக்கே ஒரு நாளு சண்டைக்குப் போனா.

ஆம்பளைங்க எல்லாம் ஆயாவைக் கேலி பண்ணுவோம். "ஆயா, ஆடு மேய்க்கக் கெளம்பிட்டீங்களா?" "ஆயா, இன்னிக்கு மண்ணு என்ன சொல்லுது, அரிசி எப்ப போடுவானாம்?" அது சிரிக்கும். "மண்ணு உன்னையப் பத்திதாம்பா சொல்லுது. வெறும் வயித்துக்காரன், வாய் மட்டும் பெருசுன்னு." நாங்களும் சிரிப்போம்.

ஒரு தடவை புள்ளைங்க பாதி தாண்டறப்ப பட்டாள லோரி வந்துடுச்சு. அப்ப எதுருல பாத்தா வளைவு நல்லாத் தெரியும், அதனால தூரத்துலயே ஆயா நடுச் சடக்குல போயி ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு நின்னுடுச்சு. லோரி நின்னுச்சு. சப்பான்காரன் எறங்கினான். ஆயா இடுப்பு வளைச்சுக் கும்பிட்டுச்சு, அப்படித்தான் கும்பிடணும் அவனுக்கு. அவன் எடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணு, ரெண்டு அறை. ஆயா வளைஞ்சபடியே நின்னுச்சு. நாங்க லயத்து வாசல்ல இருந்து பாத்துக்கிட்டுதான் இருந்தோம், பத்துப் பன்னெண்டு ஆம்பளைங்க. லோரி போனப்புறம் ஓடிப்போயி, "ஏன் ஆயா, ஒதுங்கியிருக்கலாம்லா?"ன்னு கேட்டேன். கன்னத்தைத் தடவிக்கிட்டே கயித்தைத்தான் பாத்துச்சு. "ரெண்டு அறைதானே. பதினொண்ணும் தாண்டிருச்சு."

சப்பான்காரன் லோரி மட்டும் இல்ல, எங்காளு லோரியும் அதுக்குப் பயம்தான். எங்காளுன்னா எம்மச்சான், எம்பொஞ்சாதியோட அண்ணன். தோட்டத்து லோரி ஓட்டினவரு. பெட்ரோல் கெடையாது, கரி லோரி. பின்னாடி ஒரு பெரிய டிரம்மு, அதுல கரியைப் போட்டு எரிச்சு அந்தப் பொகையிலதான் ஓடும். அதுக்குப் பலம் பத்தாது. மேட்டுல ஏறணும்னா பள்ளத்துல பாஞ்சு வரணும். மெதுவா வந்தா பாதி மேட்டுல நின்னுடும், நாங்க எல்லாரும் எறங்கித் தள்ளணும். மரவள்ளிக் கெழங்கு தின்ன ஒடம்பு, என்னத்தைத் தள்றது? அதனால சிரம்பானுக்குப் போயிட்டு வரப்ப மேட்டு உச்சிக்கு வந்ததும் மேல ஒக்காந்திருக்கிற நாங்க எல்லாம் கத்துவோம். "விடு மச்சான், விடு!" எனக்குத்தான் மச்சான், ஆனா தோட்டமே அவரை மச்சான்னுதான் கூப்பிடும். அவரும் விடுவாரு. காத்து மூஞ்சியில அடிக்கும். பசியெல்லாம் கொஞ்ச நேரம் தெரியாது. சப்பான்காரன் லோரியவிட நம்ம மச்சான் வேகம்னு ஒரு பெருமை வேற. வேற என்ன இருந்துச்சு எங்களுக்கு, பெருமைப்பட.

"பள்ளத்துல மெதுவா வாப்பா"ன்னு ஆயா மச்சான்கிட்ட கேட்டுச்சு.

"மெதுவா வந்தா ஏறாது ஆயா. நீங்க வந்து தள்றீங்களா?"

"தள்றேன்."

நெசமாவே வந்துச்சு. அன்னிக்கு மச்சான் வெளையாட்டுக்கு மெதுவா வந்தாரு, லோரி நின்னுச்சு, ஆயா கயித்தை இடுப்புல சொருகிக்கிட்டு வந்து பின்னாடி தோளைக் குடுத்துச்சு. நாங்க திட்டிக்கிட்டே எறங்கினோம். "ஒரு பொம்பளைக்காக நாப்பது பேரு சாவணுமா?"ன்னு ஒருத்தன் கேட்டான். டிரம்மு சூடு பட்டு ஆயா கையில தோலு உரிஞ்சுபோச்சு. வலது கை. மறுநாளு எடது கையை மண்ணுல வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்துச்சு. "இந்தக் கைக்குப் பழக்கம் இல்ல, கொஞ்சம் மந்தமா கேக்குது"ன்னு சொல்லுச்சு. அதுக்கப்புறம் மச்சான் மெதுவா வரல.

நான் ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். வளைவு நல்லாத் தெரியும்னு சொன்னேனே, அது தானாத் தெரியல. அரிசி இல்லாத காலம், கித்தா மரத்தை வெட்டிட்டு எங்கே எடம் கெடைச்சாலும் மரவள்ளி நட்டோம், சடக்கு ஓரம் வரைக்கும். வளைவுக்கு உள்பக்கம் இருந்த துண்டு எனக்கு வந்துச்சு. மரவள்ளி ஆளு ஒசரம் வளரும். ஆயா வீட்டுக்கு வந்து கேட்டுச்சு. "தம்பி, அந்த மூலையில மட்டும் நடாதே. கண்ணு மறைக்கும். உம்மவளும் அதுலதான் தாண்டுறா."

நான் யோசிச்சேன். ஆறு வரிசைக் கெழங்கு, ஒரு மாச சாப்பாடு. எம்பொஞ்சாதிதான் "விட்ருங்க"ன்னா. விட்டுட்டேன். ஆயா அதுக்குப் பதிலா, சடக்குக்கு அந்தப் பக்கம் தன் வீட்டுக்குப் பின்னாடி நட்டதுல ரெண்டு வரிசையை என்னைய எடுத்துக்கச் சொல்லுச்சு. வெக்கம் கெட்டு எடுத்துக்கிட்டேன். அந்த மூலையில லாலான் புல்லு தலை தூக்கினாக்கூட ஆயா கத்தியோட வந்து அறுத்துட்டுப் போவும். தோட்டத்துலயே வெறும் மண்ணாக் கெடந்தது அந்த எடம் ஒண்ணுதான்.

அப்பத்தான் மாட்டுக்காரப் பெரியவரு செத்தாரு. நல்ல மழை. மாட்டைப் புடிச்சுக்கிட்டு வளைவுல வந்திருக்காரு, பட்டாள லோரி அடிச்சுட்டு நிக்காமப் போயிடுச்சு. மாடும் போச்சு, மனுசனும் போனாரு. பெரட்டுக் களத்துல எல்லாரும் கூடினோம். காலையில ஆளு எண்ணி வேலை பிரிக்கிற எடம் அது, எதுவா இருந்தாலும் அங்கதான் பேசுவோம். ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. ஆனா லோரியைப் பத்தி யாரும் பேசல. சப்பான்காரன் லோரியைப் பத்தி என்ன பேச முடியும்? மச்சான்தான் சொன்னாரு, "இது முனியோட எடம். முனி காவு கேக்குது. கண்டுக்காம இருந்தோம், எடுத்துக்கிச்சு."

எல்லாருக்கும் அது சரின்னு பட்டுச்சு. முனின்னா ஒரு சேவலைக் குடுத்துக் கேட்டுக்கலாம். சப்பான்காரன்கிட்ட எதைக் குடுத்துக் கேக்கறது?

"வளைவுலயே முனிக்கு ஒரு கோயிலு வச்சுட்டா ஒண்ணும் நடக்காதுலா"ன்னு தண்டலும் சொன்னாரு. அவரு எங்களுக்கெல்லாம் மேல வேலை வாங்கறவரு. எங்க வைக்கிறது? எல்லா எடமும் மரவள்ளி. காலியா இருந்தது ஒரே ஒரு மூலை, ஆயா அறுத்து அறுத்து வச்சிருந்த மூலை. எம்பேருல இருந்த துண்டு. முனிக்கு எடம் குடுக்க மாட்டேன்னு எவன் சொல்லுவான்? நாலு கம்பு நட்டு, அத்தாப்பு ஓலைக் கூரை போட்டு, சுத்தி ஓலைத் தட்டி கட்டி, ஆத்துல இருந்து கல்லு எடுத்து வந்து நட்டோம். பக்கத்துல ஒரு சூலம். தட்டி கட்டினதுல நானும் ஒருத்தன். இறுக்கிக் கட்டினேன்.

அன்னியில இருந்து சடக்கு வேற மாதிரி ஆயிடுச்சு. முன்னெல்லாம் மச்சான் அந்த எடத்துல வரப்ப ரெண்டு கையும் ஸ்டேரிங்ல இருக்கும், கண்ணு முன்னாடி இருக்கும். கோயிலு வந்தப்புறம் ஒரு கையை எடுத்து முனிக்குக் கும்பிடு போட்டுக்கிட்டு, ஒரு சுருட்டுத் துண்டை வீசிட்டுப் போவாரு. மேல இருக்கற நாங்களும் கன்னத்துல போட்டுக்கிட்டு, "விடு மச்சான், முனி பாத்துக்கும்"னு கத்துவோம். லயத்துப் பொம்பளைங்களும் அப்படியே. கையை வச்சுக் கேட்டுக்கிட்டு நிக்க யாருக்குப் பொறுமை? தலையில கெழங்கு மூட்டையோட குறுக்கே ஓடுவாங்க.

ஆயா கோவப்படல. சாமி மேல அதுக்கு எங்களைவிட பக்தி. தெனம் போயி செம்பருத்திப் பூ வைக்கும். ஒரு நாளு நான் பின்னாடி நின்னதைப் பாக்காம பேசிக்கிட்டு இருந்துச்சு. கூட இருக்கறவங்ககிட்ட பேசற மாதிரியே பேசுச்சு. "சாமி, கொஞ்சம் தள்ளி ஒக்காரு. நீ எனக்கு மறைக்கிறே. புள்ளைங்க வருதுங்க, எனக்குத் தெரிய வேணாமா? ஒரு இருவது அடி தள்ளி, அந்தப் பலா மரத்துக்குக் கீழ. நெழலும் இருக்கு உனக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. வீட்டுல வந்து சொன்னேன். எம்பொஞ்சாதி சிரிக்கல.

ரெண்டு மூணு நாளு கழிச்சு, அரிசி போடறாங்கன்னு எல்லாரும் ஸ்டோருக்குப் போயிருந்தோம். நல்ல மத்தியானம். திரும்பி வந்தா கோயில்ல கல்லு இல்ல, தட்டி அவுத்துக் கெடக்கு. பலா மரத்துக்குக் கீழ கல்லும் சூலமும் ஒழுங்கா நிக்குது. செம்பனை எண்ணெயில திரி எரியுது. பக்கத்துல ஆயா ஒக்காந்திருக்கு, ஓடி ஒளியல.

மறுநாளு பெரட்டுக் களத்துல தண்டல் நிக்க வச்சுக் கேட்டாரு.

"யாரைக் கேட்டுத் தூக்கினே?"

"சாமியைத்தான் கேட்டேன்."

"சாமி என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணும் சொல்லல. வேணாம்னா கனத்திருக்கும். கனக்கல."

ரெண்டு பேரு சிரிச்சுட்டாங்க. மச்சான் சிரிக்கல. "இனிமே ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பொறுப்பு? நாப்பது உசிரை ஏத்திக்கிட்டு வரேன் நான்"னாரு.

"நீ மெதுவா வந்தா நீயே பொறுப்பா இருக்கலாம்பா"ன்னு ஆயா சொல்லுச்சு.

தண்டல் என் பக்கம் திரும்பினாரு. "நெலம் உன்னோடது. நீ சொல்லுலா. சாமி எங்க இருக்கணும்?"

ஆயா என்னையப் பாத்துச்சு. கெஞ்சற பார்வை இல்ல, தெரிஞ்சவனைப் பாக்கற பார்வை. எம்பொஞ்சாதி பொம்பளைங்க வரிசையில நின்னு என்னையப் பாத்தா. மச்சானும் பாத்தாரு. சிரம்பான்ல இருந்து உப்பு, துணி, எல்லாம் அவருதான் எங்க வீட்டுக்குக் கொண்டு வந்து குடுப்பாரு. எம்மவ கட்டியிருந்த துண்டுத்துணிகூட அவரு குடுத்தது.

"எல்லாரும் சொல்றபடி"ன்னேன்.

கல்லு பழைய எடத்துக்கே வந்துச்சு. இந்தத் தடவை தட்டி இன்னும் ஒசரம். ஆயாவைக் கொட்டகையில இருந்து எடுத்து, மேட்டுல புல்லு வெட்டற கூட்டத்துல போட்டாங்க. கொட்டகைக்குச் சின்ன வயசுப் பொண்ணு ஒண்ணு வந்துச்சு. ஆயா அதுக்கிட்ட கயித்தைக் குடுத்து, எந்த முடிச்சு யாருதுன்னு சொல்லி, மண்ணுல கை வைக்கவும் காட்டிக் குடுத்துச்சாம். அந்தப் பொண்ணுக்கு வெக்கம். நாலு ஆம்பளைங்க பாக்கறப்ப குந்தி ஒக்காந்து மண்ணைத் தடவ அதுக்குப் புடிக்கல. கயித்தை மட்டும் வச்சுக்கிச்சு.

சொல்லிடறேன். எத்தனை தடவை சொன்னாலும் இது கொறைய மாட்டேங்குது.

சிரம்பான்ல கெழங்கைப் போட்டுட்டு வந்துக்கிட்டு இருந்தோம். மத்தியானம் சாஞ்ச நேரம். நான் லோரி மேல, முன்பக்கம் கம்பியைப் புடிச்சுக்கிட்டு நின்னேன். மேட்டு உச்சிக்கு வந்ததும் கத்தினோம், "விடு மச்சான்!" நானும்தான் கத்தினேன். மச்சான் விட்டாரு. எதுத்த மேட்டுல புல்லு வெட்டற கூட்டம் தெரிஞ்சுச்சு. அதுல ஆயா தனியா, மேட்டு விளிம்புல வந்து நின்னுச்சு. அங்க இருந்து பாத்தா வளைவுக்கு ரெண்டு பக்கமும் தெரியும். ஒரு பக்கம் நாங்க. இன்னொரு பக்கம் கயிறு. நாங்க கயித்தைப் பாக்க முடியாது, கயிறு எங்களைப் பாக்க முடியாது, நடுவுல முனி. ரெண்டையும் பாக்க முடிஞ்சது ஆயா ஒண்ணுக்குத்தான்.

ஆயா கத்தியைத் தலைக்கு மேல தூக்கித் தூக்கி ஆட்டுச்சு. வாயி தெறந்திருந்துச்சு. காத்துல ஒண்ணும் கேக்கல.

"பாரு, ஆயா திட்டுது!"ன்னான் பக்கத்துல இருந்தவன்.

எல்லாரும் சிரிச்சோம். நான் கையைத் தூக்கி ஆட்டினேன், அதுக்குப் பதிலுக்கு. "வரோம் ஆயா!"ன்னு கத்தினேன்.

வளைவு திரும்பினதும் கயிறு நடுச் சடக்குல. அந்தப் பொண்ணு பயந்துபோயி கயித்தைப் புடிச்சு முன்னால இழுத்துச்சு. ஒண்ணும் ரெண்டும் அதோட தாண்டிடுச்சுங்க. மூணாவது முடிச்சு லோரிக்கு நேரா வந்துச்சு. மொட்டை கயித்தை விடல, ஆயா விடக்கூடாதுன்னு சொல்லிக் குடுத்திருந்துச்சே. எம்மவ விட்டுட்டா. எப்பவும் போல விட்டுட்டு, இருந்த எடத்துலயே நின்னுட்டா. அவளுக்கும் அவளுக்குப் பின்னாடி இருந்ததுங்களுக்கும் ஒண்ணும் ஆகல.

லோரி அன்னிக்கு மேட்டுல ஏறல. யாரும் தள்ளவும் இல்ல.

அப்புறம் என்ன. முனியை எடம் மாத்தினதுனால வந்த வெனைன்னு பேசிக்கிட்டாங்க. மொட்டையோட அம்மாகூட ஆயா வீட்டுக்கு முன்னாடி மண்ணை வாரித் தூத்துனா. ஆயா வெளிய வந்து நின்னு வாங்கிக்கிச்சு. தண்டல் என்கிட்ட, "நீ மேலதானே இருந்தே, லோரி எப்படி வந்துச்சு?"ன்னு கேட்டாரு. "எப்பவும் வர மாதிரிதான்"னு சொன்னேன். பொய்யி இல்ல அது.

மச்சான் பத்து நாளு மெதுவா வந்தாரு, ராத்திரியில தூக்கம் இல்லாம மூஞ்சி வீங்கிப்போயி. பத்து நாளும் எறங்கித் தள்ளினோம். பத்தாவது நாளு, தள்ளி மேல ஏத்தி மூச்சு வாங்கிக்கிட்டு நிக்கறப்ப ஒருத்தன் சொன்னான், "நாளைக்கு விடு மச்சான். முனிதான் வாங்கிடுச்சே, இனிமே கேக்காது." எல்லாரும் லோரியில ஏறினோம். நானும்தான் ஏறினேன். மறுநாளு லோரி தள்ளாமலே ஏறுச்சு.

கொஞ்ச நாளு கழிச்சு ஆயா எங்க வீட்டுக்கு வந்துச்சு. எம்பொஞ்சாதி பலகை போட்டா, ஒக்காரல. எம்மவ ஓடிப்போயி காலைக் கட்டிக்கிட்டா, அவ தலையில கையை வச்சுக்கிட்டே நின்னுச்சு. டிரம்மு சுட்ட கை.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு மேட்டுல நின்னு கை காட்டினேன். உங்களுக்குத் தெரிஞ்சுச்சா?"

எம்பொஞ்சாதி அடுப்புக்கிட்ட இருந்து திரும்பிப் பாத்தா.

"தெரியல ஆயா"ன்னேன்.

ஆயா எதையோ கணக்குப் போடற மாதிரி அந்த எலையை மென்னுக்கிட்டே நின்னுச்சு.

"நெனைச்சேன். வெயிலு எனக்குப் பின்னாடி இருந்துச்சுல்ல, உங்களுக்குக் கண்ணு கூசியிருக்கும்"னு சொல்லுச்சு. அப்புறம், "நான் இன்னும் கொஞ்சம் கீழ எறங்கி வந்து நின்னிருக்கணும்பா. எம்மேலதான் தப்பு"ன்னு சொல்லுச்சு.

வாசல்ல எறங்கி, சடக்கு ஓரமா குந்தி ஒக்காந்து, மண்ணுல கை வச்சுப் பாத்துட்டு, தாண்டிப் போச்சு.